‘தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ சீனத் தொடர்: நிறையும் குறையும்

‘தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ என்பது 2020ஆம் ஆண்டு மே 18 அன்று சீனாவின் டென்சென்ட் வீடியோ தளத்தில் வெளியாகத் தொடங்கிய சீன மொழித் தொடர். மொத்தம் 24 பகுதிகள். இயக்கியவர் ஃபாங் ஃபாங். எழுதியவர் நான் ஜென். சாவோ லூசி, திங் யூசி இருவரும் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். புலி, ரோஜா என்பதெல்லாம் வெளிநாட்டுப் பார்வையாளருக்காக வைத்த ஆங்கிலப் பெயரில் வருபவை. சீனப் பெயர் ‘சுவான்வென் சோங் த சென் சியன்சியன்’. ‘ஊர் பேசும் சென் சியன்சியன்’ என்று தமிழில் சொல்லலாம். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசுவதற்கும் அவள் உண்மையில் யார் என்பதற்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் அந்தப் பெயரே கதைக்குப் பொருத்தமானது.

பழைய காலத்து ஆடை அணிந்த மாந்தர்களைக் கொண்ட தொடர்களைச் சீனர்கள் ‘குஜுவாங்’ என்கிறார்கள். பழைய உடை என்பதே அச்சொல்லின் பொருள். அரண்மனைக் கதை, வாள்வீச்சுக் கதை, தேவலோகக் கதை எல்லாம் இதில் அடங்கும். பெரும் பொருட்செலவில் எடுக்கப்படுபவை ஒரு பக்கம் இருக்க, இணையத் தளங்களுக்காகச் சிறு முதலீட்டில், அதிகம் அறியப்படாத இளம் நடிகர்களை வைத்து எடுக்கப்படுபவை இன்னொரு பக்கம் ஏராளமாக வருகின்றன. நமது தொடர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வெளியான காலத்தில் இதன் வெற்றி பலருக்கும் வியப்பாக இருந்தது. இதன் பிறகே சாவோ லூசி பெரிய நட்சத்திரமானார்.

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்குச் சீனத் தொடரில் என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டில் பேத்தி ஆங்கிலத் துணையெழுத்துடன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்; மூன்றாம் பகுதியில் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். பிறகு தனியாக இன்னொரு முறையும் முழுதாகப் பார்த்தேன். இந்தத் தொடரைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் துணியையும் செட்டையும் குறை சொல்கிறார்கள். அவை சிறிய குறைகள் என்பதே என் கருத்து. இதன் பெரிய குறை, சரிசெய்யப் பணமே தேவைப்படாத ஓர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கதை

சென் சியாவோசியன் இன்றைய காலத்துப் பெண், திரைக்கதை எழுதுபவள். அவள் பாடுபட்டு எழுதிய தொடரின் கதையைப் படித்த நாயக நடிகர், இதில் காதல் நம்பும்படி இல்லை, எழுதியவருக்குக் காதல் அனுபவமே இருந்திருக்காது என்று குற்றம் சாட்டுகிறார். மனம் நொந்து, இரவெல்லாம் திருத்தி எழுதி, களைத்துத் தூங்கிப்போகிறாள். விழிக்கும்போது தான் எழுதிய கதைக்குள்ளேயே இருக்கிறாள். அங்கே அவள் நாயகி அல்ல. ஹுவாயுவான் நகரத்தின் மூன்றாவது இளவரசி சென் சியன்சியன். ஊரெல்லாம் வெறுக்கும் அடங்காப்பிடாரி. எழுதியவளின் திட்டப்படி மூன்றாம் பகுதியிலேயே செத்துப்போகும் சில்லறைப் பாத்திரம்.

ஹுவாயுவான் பெண்கள் ஆளும் நகரம். நகரத் தலைவி பெண், அதிகாரிகள் பெண்கள். ஆண்கள் அடக்க ஒடுக்கமாக வீட்டோடு இருக்க வேண்டும். அண்டை நகரமான சுவான்ஹுவில் எல்லாம் இதற்கு நேர்மாறு. சுவான்ஹுவின் இளவரசன் ஹான் ஷுவோ பிறவியிலேயே இதய நோய் உள்ளவன். அந்நோய்க்கு மருந்தாகும் ‘நாக எலும்பு’ ஹுவாயுவானில் இருக்கிறது. அதைக் கைப்பற்றும் உள்நோக்கத்தோடு வந்தவன், மூன்றாவது இளவரசியின் கையில் மணமகனாகச் சிக்குகிறான். அவளை நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டு, இரண்டாவது இளவரசி சென் சூசூவோடு காதல் கொள்ள வேண்டும் என்பதுதான் முதலில் எழுதப்பட்ட கதை. சாகப்போகும் உடலுக்குள் வந்து மாட்டிக்கொண்ட எழுத்தாளர், தான் பிழைத்துக்கொண்டு, கதையையும் பழைய தடத்தில் ஓட்டிவிட்டு, தன் உலகத்துக்குத் திரும்பப் பார்க்கிறாள். அவள் எதைச் செய்தாலும் அது காதலின் அடையாளம் என்று ஹான் ஷுவோ எடுத்துக்கொள்கிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

கதைக்குள் விழும் இந்த உத்திக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2011இல் ‘பூ பூ ஜிங் சின்’ முதலிய தொடர்களால், இக்காலத்துப் பெண் பழைய அரச காலத்துக்குப் போய்ச் சேரும் காலப்பயணக் கதைகள் சீனாவில் அலையாக வந்தன. அவை வரலாற்றை விளையாட்டாக்குகின்றன என்று ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசுத் துறை அதே ஆண்டு கண்டித்தது. அதன் பிறகு கதாசிரியர்கள் நேரடியாகச் சிங் வம்சத்துக்கோ டாங் வம்சத்துக்கோ ஆளை அனுப்பத் தயங்கினார்கள். கனவு, கணினி விளையாட்டு, நாவல், திரைக்கதை என்று வேறு வாசல்களைத் தேடினார்கள். கற்பனை நகரம் என்றால் எந்த வம்சத்து உடை, எந்த வம்சத்துக் கூரை என்று யாரும் கேட்க முடியாது. சிறு முதலீட்டுக்காரர்களுக்கு அது இரட்டை வசதி.

பணம் இல்லாதது எங்கே தெரிகிறது

உடையில் தெரிகிறது. ஆடைகள் எல்லாம் இப்போதுதான் கடையிலிருந்து எடுத்து வந்தது போல இருக்கின்றன. இளஞ்சிவப்பு, இளநீலம், இளமஞ்சள் என்று மிட்டாய்க் கடை நிறங்கள். கசங்கல் இல்லை, அழுக்கு இல்லை. தெருவில் நடப்பவனின் உடைக்கும் இளவரசியின் உடைக்கும் உள்ள வேறுபாடு துணியின் தரத்தில் தெரிவதைவிட நிறத்தில்தான் தெரிகிறது. ஒளியும் அப்படியே, இரவா பகலா என்ற எண்ணமே எழாதபடி எங்கும் ஒரே சீரான வெளிச்சம். முகங்களைப் பளபளப்பாக்கும் வடிகட்டி வேறு. போர் என்று சொல்லப்படும் இடங்களில் படை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ‘படை வந்துவிட்டது’ என்ற வசனத்தை வைத்து நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதே முற்றம், அதே கூடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

பணம் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2018இல் வந்த ‘யான்சி அரண்மனையின் கதை’ நல்ல எடுத்துக்காட்டு. 70 பகுதிகள் கொண்ட அத்தொடரில் மங்கலான, அடங்கிய நிறங்கள் திட்டமிட்டுப் பயன்படுத்தப்பட்டன. பெண்களின் கொண்டையில் நான்ஜிங் நகரத்துப் பட்டிழைப் பூவேலை இடம்பெற்று, அந்தக் கைத்தொழில் மீதே மக்களின் கவனம் திரும்பியது. பணம் வாங்கித் தருவது ஆடம்பரத்தை மட்டுமல்ல. பொறுமையாக நூல் கோக்கும் கைகளையும், அவற்றின் வேலைக்கு ஆகும் நாட்களையும் அதுதான் வாங்கித் தருகிறது. இதை மறுக்க முடியாது.

ஆனால் பணம் இல்லாததையே பலமாக்கிய முன்னோடி ஒன்றும் சீனாவில் உண்டு. 2015 டிசம்பரில் வெளியான ‘கோ பிரின்சஸ் கோ’. இக்காலத்து இளைஞன் ஒருவன் நீச்சல் குளத்தில் விழுந்து பட்டத்து இளவரசியின் உடலில் கண் விழிக்கும் கதை. அங்கே உடைகள் மெல்லிய வலைத்துணிகள். எப்போது பார்த்தாலும் பெரிய காற்றாடி வைத்துக் கூந்தலையும் துணியையும் பறக்க விடுவார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 2 கோடி யுவானில் முடிந்ததாக அப்போது பேசப்பட்டது. பார்த்தவர்கள் அந்த ஏழ்மையைக் கேலி செய்துகொண்டே விடாமல் பார்த்தார்கள். 2016 ஜனவரியில் தணிக்கைக் காரணங்களுக்காக அது தளத்திலிருந்து இறக்கப்பட்டு, பின்னர் வெட்டப்பட்ட வடிவில் திரும்பியது. 2020இல் கொரியர்கள் அதே கதைக்கருவை எடுத்து ‘மிஸ்டர் குயின்’ என்று நல்ல செலவில் செய்தார்கள். மலிவான மூலத்தில் இருந்த துடுக்குத்தனம் அவர்களுக்கும் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடமும், மரப்பட்டை வாளும், தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த நாற்காலிச் சிம்மாசனமும் வைத்து எத்தனையோ அரசவை நடத்தியிருக்கிறோம். கிரீடம் அட்டை என்பது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பையன் வசனத்தை நம்பிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் அது மறந்துபோகும். நம்பாமல் பேசினால் தங்கக் கிரீடம் வைத்தாலும் பயனில்லை. ‘டைகர் அண்ட் ரோஸ்’ தொடரின் முதல் பத்துப் பன்னிரண்டு பகுதிகளில் அட்டைக் கிரீடம் மறந்துபோகிறது.

எழுத்தின் பலம்

அது மறந்துபோவதற்குக் காரணம் எழுத்து. வழக்கமான காலப்பயணக் கதையில் நாயகிக்கு வரலாற்றுப் பாடம் தெரியும். அதை வைத்துத் தப்பிப்பாள். இங்கே நாயகிக்குத் தெரிந்தது வரலாறு அல்ல, அவளே எழுதிய கதை. யார் எங்கே ஒளிந்திருப்பார்கள், எந்தக் கோப்பையில் நஞ்சு இருக்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஓர் அடி விலகியதும் கதை அவள் கையை விட்டுப் போய்விடுகிறது. செத்திருக்க வேண்டிய ஒருத்தி உயிரோடு நடமாடினாலே மற்ற எல்லாருடைய நடத்தையும் மாறும் அல்லவா? தெரிந்த கதை தெரியாத கதையாக மாறும் அந்தத் தருணங்களில்தான் தொடர் மிகவும் சுவைக்கிறது.

நகைச்சுவையும் இதிலிருந்தே பிறக்கிறது. அவள் அவனைச் சூசூவிடம் தள்ளிவிடப் பார்க்கிறாள். அவனோ, தன் நலனுக்காக அவள் விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைக்கிறான். உயிருக்குப் பயந்து அவள் ஓடினால் நாணம் என்கிறான். அவனுடைய ஏவலாள் பாய்ஜி பக்கத்தில் நின்று இந்தத் தப்பான உரைகளுக்கு மேலும் உரை எழுதுகிறான். இலக்கிய வகுப்பில் ஒரு வரிக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்லிச் சண்டை போடும் மாணவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். இருவரும் ஒரே நிகழ்ச்சியில் இருக்கிறார்கள். ஆனால் வெவ்வேறு கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூடமும் இரண்டு நடிகர்களும் இருந்தால் போதும், இதை எடுத்துவிடலாம். ஆயிரம் குதிரைகள் தேவையில்லை. சிறு முதலீட்டுக்கு ஏற்ற கதையைத் தேர்ந்தெடுத்ததில் எழுதியவரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சியாவோசியன் எழுதும்போது மூன்றாவது இளவரசி என்பவள் அவளுக்கு ஒரு வசதி. நாயகனின் கொடுமையைக் காட்ட ஒரு பிணம் வேண்டும். எழுதினாள், கொன்றாள், அடுத்த காட்சிக்குப் போனாள். இப்போது அந்தப் பிணமாகப் போகிறவளின் படுக்கையில் படுத்துக்கொண்டு, அவளுடைய தோழிப் பெண் சிருய் தலைவாரி விடும்போதுதான், இவளுக்கும் ஒரு வீடு இருந்தது, கண்டித்தாலும் அன்பு வைத்த தாய் இருந்தாள் என்பதெல்லாம் எழுதியவளுக்கே உறைக்கிறது. சில்லறைப் பாத்திரம் என்று ஒன்று இல்லை என்பதைத் தொடர் எங்கும் போதிக்கவில்லை, செய்து காட்டுகிறது. கதை எழுதிப் பழகும் மாணவர்கள் இதற்காகவே முதல் ஐந்து பகுதிகளைப் பார்க்கலாம்.

நடிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சாவோ லூசிக்கு முகம் முழுதும் பேச்சு. திகைப்பும் கணக்குப்போடுதலும் ஒரே நேரத்தில் அந்தக் கண்களில் ஓடும். பின்னாளில் 2022இல் வந்த ‘லவ் லைக் தி கேலக்ஸி’ போன்ற பெரிய தொடரில் அவர் காட்டிய நிதானம் இதில் இல்லை. ஆனால் இந்தப் பாத்திரத்துக்கு நிதானம் வேண்டியதும் இல்லை. திங் யூசி கொடியவனாக விறைத்து நிற்கும் காட்சிகளைவிட, தான் காதலிக்கப்படுவதாக நம்பித் தனக்குள் பூரிக்கும் காட்சிகளில் நன்றாகச் செய்திருக்கிறார். மூத்த நடிகர்களின் வேடங்கள் தட்டையாக எழுதப்பட்டுள்ளன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தலைகீழ் நகரம்

இனி அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன்.

பெண்கள் ஆளும் ஹுவாயுவான் நகரம் முதலில் சிரிப்புக்காகத்தான் வருகிறது. ஆண்கள் வெளியே போனால் ஊர் பேசும். ஆணுக்குக் கற்பும் அடக்கமும் அணிகலன். அறிவாளியான பெய் ஹெங் போன்றவனுக்கும், அவன் ஆண் என்பதால், எல்லைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. நாம் அன்றாடம் பெண் பிள்ளைகளிடம் சொல்லும் வாக்கியங்களை ஓர் ஆணிடம் யாரோ சொல்லும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், இது ஏன் சிரிப்பாக இருந்தது என்று தோன்றுகிறது. தலைகீழாக்கிக் காட்டுவதன் பயன் அதுதான். பேத்தி என்னைப் பார்த்து, “தாத்தா, இதையெல்லாம் நீங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கீங்கதானே?” என்று கேட்டாள். சொல்லியிருக்கிறேன்.

சீன இலக்கியத்தில் பெண்கள் நாடு என்பது பழைய கற்பனை. ‘மேற்குப் பயணம்’ நாவலில் துறவி சுவான்சாங் அப்படியொரு நாட்டைக் கடந்து போகிறார். ஆனால் நமக்கு இங்கே பயன்படுவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லி ருசென் எழுதிய ‘ஜிங் ஹுவா யுவான்’ என்ற நாவல். ‘கண்ணாடியில் தெரியும் மலர்கள்’ என்று பொருள். பெண் பேரரசி வு செதியான் ஆண்ட காலத்தில் நடப்பதாக அமைந்த கதை. அதில் லின் ஜியாங் என்ற வணிகன் கடல் கடந்து பெண்கள் நாட்டுக்கு ஒப்பனைப் பொருட்களை விற்கப் போகிறான். அந்நாட்டு அரசராக இருக்கும் பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அந்தப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் காது குத்துகிறார்கள். பிறகு பாதங்களை மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அவன் வலி பொறுக்காமல் அழுகிறான், கட்டை அவிழ்த்து எறிகிறான், அடிபடுகிறான், மறுபடி கட்டப்படுகிறான். அன்றைய சீனாவில் எத்தனையோ சிறுமிகளுக்கு நடந்துகொண்டிருந்ததை, தாடி முளைத்த ஒரு வணிகனின் உடம்பில் நடத்திக் காட்டினார் லி ருசென். ஆண் வாசகனும் தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நம் தொடரில் ஹான் ஷுவோவுக்கு என்ன வலிக்கிறது? ஒன்றுமே இல்லை. பெண்கள் ஆளும் நகரத்துக்குள் வந்த ஆண் அவன். ஆனால் அவன் கூட்டத்தில் யாரையும்விட வாள் வீசத் தெரிந்தவன். தனக்கென ஆட்களை வைத்திருப்பவன். நினைத்தால் நகரத்தையே எடுத்துக்கொள்ளும் வலிமை உள்ளவன். அடக்கமான கணவனாக அவன் இருப்பது ஒரு வேடம். அந்த வேடத்தை அவன் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். நாயகிக்கு ஆபத்து வந்தால் காப்பாற்றுவது அவனே. அதிகாரம் எல்லாம் பெண்களின் கையில் உள்ள ஊரில், அந்த ஊரின் இளவரசியை, வெளியூர் ஆண் ஒருவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். கூந்தல் பறக்கிறது, இசை எழுகிறது. நகரம் தலைகீழாகியும் காதல் காட்சி தலைகீழாகவில்லை. அது வழக்கமான குஜுவாங் காதல் காட்சியாகவே நிற்கிறது.

வலி எல்லாம் பெய் ஹெங், இசைக்கூடத்து ஆண்கள் போன்ற துணைப் பாத்திரங்களுக்குத் தள்ளிவிடப்படுகிறது. அதையும் தொடர் சில காட்சிகளில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெய் ஹெங்கை நாயகனின் பொறாமைக்குப் பயன்படும் இரண்டாவது காதலனாக மாற்றியது எனக்கு வருத்தம். ஹுவாயுவானின் நியாயமற்ற தன்மையை உள்ளிருந்து சொல்லத் தகுதி உள்ளவன் அவன் ஒருவன்தான்.

தொடரின் பிற்பகுதி சுவான்ஹு நகரத்துக்கு நகர்கிறது. இப்போது பெண்கள் அடக்கப்படும் இடத்தில் நாயகி நிற்கிறாள். இங்கேதான் தொடர் துணிந்திருக்க வேண்டும். மாறாக, இரண்டு நகரங்களையும் ஒரே தராசில் வைக்கிறது. அங்கே பெண் அதிகம் ஆள்கிறாள், இங்கே ஆண் அதிகம் ஆள்கிறான். இரண்டும் தவறு, இருபாலரும் சமமாக இருந்தால் சரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹுவாயுவான் ஓர் எழுத்தாளர் கற்பனையில் கட்டிய நகரம். சுவான்ஹுவோ எல்லா நாடுகளிலும் உண்மையில் இருந்த, பல இடங்களில் இன்னும் இருக்கிற நகரம். கால் கட்டப்பட்ட பெண்கள் சீனத்தில் உண்மையாகவே வாழ்ந்தார்கள். கால் கட்டப்பட்ட ஆண் லி ருசெனின் நாவலில் மட்டும்தான் இருக்கிறான். இந்த இரண்டையும் இணையான தவறுகளாகக் காட்டினால் கண்ணாடி தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள். தொடர் வெளியான நாட்களில் சீனப் பார்வையாளர்களிடையேயும் இது பற்றிக் கடுமையான வாக்குவாதம் நடந்தது. ஆண்களை இழிவுபடுத்துகிறது என்றவர்களும் இருந்தார்கள், பெண்களின் உரிமைப் பேச்சைக் கேலியாக்குகிறது என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்தது எழுத்தின் நழுவலே.

தணிக்கைக்கு அஞ்சியிருப்பார்கள் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. ஹான் ஷுவோவை ஒரு பகுதி முழுதும் உண்மையிலேயே உதவியற்றவனாக விட்டிருந்தால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்டிருக்கப்போவதில்லை. நாயகன் உதவியற்று நின்றால் ரசிகைகளுக்குப் பிடிக்காது என்ற வணிகக் கணக்குதான் அதைத் தடுத்திருக்கும் என்று எண்ணுகிறேன். அதற்கு ஒரு யுவான் கூட அதிகச் செலவு ஆகியிருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதைப் போக்கு அந்நியமாக இராது. ஆண்களை அருகே அண்டவிடாமல் மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் தந்திரத்தால் வென்று மணக்கும் கதையை நம் முன்னோர் பெரிய எழுத்துப் பதிப்புகளில் படித்தவர்கள்தாம். தனித்து ஆளும் பெண் என்றாலே அவளை வென்று முடிக்க ஓர் ஆண் வந்துதான் ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடமும் ஊறிப்போனது. ஹான் ஷுவோ அர்ச்சுனனைவிட நல்லவன். அவன் காதலிக்கிறான், திருந்துகிறான். ஆனால் கதை நிற்கும் திசை அதேதான்.

சென் சூசூவுக்கு நேர்ந்தது

இந்தத் தொடரில் என்னை உறங்கவிடாத பாத்திரம் இரண்டாவது இளவரசி சென் சூசூ. அவளைத்தான் சியாவோசியன் நாயகியாக எழுதினாள். பொறுப்பானவள், படித்தவள், போருக்கும் நிர்வாகத்துக்கும் தகுதி உள்ளவள். நகரத் தலைவியாக வர வேண்டியவள், நாயகனின் காதலைப் பெற வேண்டியவள். சில்லறைப் பாத்திரத்தின் உடலில் எழுத்தாளரே வந்து இறங்கியதும் காதலன் போனான், ஊரின் நன்மதிப்பும் மெல்லப் போயிற்று. எழுதியவளே தன் நாயகியின் கதையைத் திருடிவிட்டாள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். சூசூவுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை. உழைத்தும் தனக்கு வர வேண்டியது ஒவ்வொன்றாகத் தங்கைக்குப் போவதை மட்டும் அவள் பார்க்கிறாள்.

இதைவிட அழகான சோகத்தை எந்தப் பெரிய பட்ஜெட் தொடரிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் தொடருக்கு இது கையில் இருப்பது முழுதாகத் தெரியவில்லை. சூசூ பொறாமையால் கெடுகிறாள், சூழ்ச்சி செய்கிறாள், வழக்கமான வில்லியாகக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள். கடைசி ஏழெட்டுப் பகுதிகளில் கதையை நகர்த்தும் சுமை முழுதும் அவள் கெட்டதன் மேல் விழுகிறது. மூன்றாவது இளவரசியைப் பிணமாக மட்டும் எழுதிய சியாவோசியனின் தவறைத் தொடக்கத்தில் அவ்வளவு நுட்பமாகக் காட்டிய தொடர், அதே தவறைச் சூசூவிடம் தானே செய்கிறது. ஒரு வில்லி வேண்டும். எழுதினார்கள், அடுத்த காட்சிக்குப் போனார்கள். சியாவோசியன் ஒரு காட்சியிலாவது சூசூவின் எதிரில் உட்கார்ந்து, உன் கதையை நான்தான் கெடுத்தேன் என்று தனக்குள்ளாவது முழுதாக உணர்ந்திருந்தால், தொடர் வேறோர் உயரத்துக்குப் போயிருக்கும். அக்காட்சிக்குத் தேவை ஒரு மேசை, இரண்டு நடிகைகள், ஒரு விளக்கு.

24 பகுதிகளில் முடித்தது நல்லது. அறுபது எழுபது பகுதிகள் இழுக்கும் வழக்கம் சீனத் தொடர்களில் பரவலாக இருந்தது. 2020 பிப்ரவரியில் 40 பகுதிகளுக்கு மேல் போக வேண்டாம் என்று அரசுத் துறை அறிவுறுத்தும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. இங்கே அந்த இழுவை இல்லை என்றாலும், 16ஆம் பகுதிக்குப் பிறகு கடத்தல், மீட்பு, மறுபடி தவறான புரிதல் என்று சுற்றுவது அலுப்பூட்டுகிறது. தவறான புரிதல் முதலில் அவர்களுடைய குணத்திலிருந்து வந்தது. பிற்பாடு கதாசிரியரின் தேவைக்காக வருகிறது.

பார்க்க விரும்பும் மாணவர்கள் ஆங்கிலத் துணையெழுத்துடன் பார்க்கலாம். பெயர்கள் முதலில் குழப்பும். சியாவோசியன் எழுதுபவள், சியன்சியன் எழுதப்பட்டவள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு, சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் சூசூவை மட்டும் கவனித்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். முதல் சில பகுதிகளில், இது தன்னுடைய கதை என்ற நம்பிக்கையோடு அவள் நிமிர்ந்து நடக்கிறாள்.